அடுப்புக்கடியில் ஒரு காலித் தோட்டா

போன் அடித்தது.

மார்லா ஸ்கூல் பஸ்ஸை ஷெட்டில் விட்டு அப்போதுதான் இறங்கியிருந்தாள்.

"மார்லா... டுவெய்ன் பேசறேன்."

டுவெய்ன், ஊர் ஷெரிஃபின் டெபுடி; போலீஸ்காரன். பள்ளியில் அவளோடு படித்தவன்.

"உங்கப்பா துப்பாக்கி துடைச்சிட்டு இருந்திருக்கார். கைதவறி வெடிச்சிருக்கு. போயிட்டாரு மார்லா..."

"சரி," என்றாள்.

அழுகை வரவில்லை. பஸ்ஸைப் பெருக்கி முடித்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

உடலை முதலில் பார்த்தவர் சித்தப்பா அர்விட். பக்கத்து வீடு.

"சத்தம் கேட்டு ஓடினேன்மா. சமையலறைல கெடந்தான். நான் எதையும் தொடல."

விபத்து என்று எழுதி முடித்தார்கள். அப்பா டோய்வோவை ஏரிக்கரைக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். அக்கம்பக்கத்தார் துக்க வீட்டுக்குச் சமைத்துக் கொண்டுவந்த கேசரோல், ஃப்ரிட்ஜில் தொடப்படாமல் உறைந்தது.

மகளுக்கு வந்து சேர்ந்தவை, தாத்தா காலத்துப் பம்ப் துப்பாக்கிகள் இரண்டு. அதில் ஒன்றுதான் அப்பாவைக் கொன்றது.

மார்லா எதுவும் உணராமல் சமையலறைத் தரையைத் தேய்த்தாள்.

அடுப்புக்கடியிலிருந்து துடைப்பத்தோடு எதுவோ உருண்டு வந்தது.

சிவப்பாய் ஒரு காலித் தோட்டா.

கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் ஹேஸலின் துப்பாக்கிக் கடைக்குப் போனாள்.

"வீட்டுல வெச்சிருக்கவே பயமா இருக்கு. எப்படிப் பிடிக்கறதுன்னாவது சொல்லித் தாங்க."

"வா, கொல்லைக்குப் போவோம்."

ஹேஸல் துப்பாக்கியை அவள் தோளில் பொருத்தினாள்.

"சுடு."

மண்மேடு சிதறியது. தோள் வலித்தது. அதுகூட யாருடைய தோளோ போலிருந்தது.

"காலித் தோட்டா எங்க விழுந்துச்சு?"

"எங்கயும் விழல. உள்ளதான் இருக்கு. குழலுக்கடியில இருக்கற இந்த முன்கட்டையைப் பின்னால இழு."

இழுத்தாள். தோட்டா துள்ளி விழுந்தது.

"இழுக்கலன்னா?"

"உள்ளயே கெடக்கும். பம்ப்னா அதான். கையால இழுத்தாத்தான் உண்டு."

மார்லா கோட்டுப் பையைத் தடவினாள்.

"ஹேஸல்... செத்தவர் இழுப்பாரா?"

ஹேஸலின் வாயில் சூயிங்கம் நின்றது.

மார்லா டுவெய்னுக்குப் போன் போட்டாள்.

"சித்தப்பா வீட்டுக்கு வா. ஒண்ணு காட்டணும்."

அர்விட் காபி ஊற்றிக்கொண்டிருந்தார். மார்லா தோட்டாவை மேஜை மேல் வைத்தாள்.

"அப்பா வீட்டு அடுப்புக்கடியில கெடந்துச்சு. வெடிச்சப்புறம் யாரோ கட்டையை இழுத்திருக்காங்க, சித்தப்பா. அப்பாவால முடியாது. அங்க இருந்தது நீங்க மட்டும்தான்."

"மார்லா, ஒரு நிமிஷம்..." டுவெய்ன் குறுக்கிட்டான்.

"விடு டுவெய்ன்," என்றார் அர்விட்.

தன் உள்ளங்கைகளையே பார்த்தார்.

"பழக்கம். வாத்தைச் சுட்டதும் கை தானா பின்னால இழுத்துரும். சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான். அன்னிக்கும் இழுத்திருக்கும்... எனக்கே ஞாபகமில்ல."

அர்விட் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"எங்கப்பா ரெண்டையும் அவனுக்கே குடுத்துட்டுப் போனார். ஒண்ணே ஒண்ணு குடுடான்னு வருஷக்கணக்கா கேட்டேன். அன்னிக்கும் கேட்டேன். ரெண்டும் என் மகளுக்குன்னான். நீ நேராச் சுட மாட்டேன்னு அப்பாவுக்கே தெரியும்னு சிரிச்சான். தோட்டா போட்ட துப்பாக்கி பக்கத்துலயே இருந்துச்சு."

"ஒரு துப்பாக்கிக்கா, சித்தப்பா?"

"எங்கப்பாவோட துப்பாக்கி."

மார்லாவுக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. காபி ஆறிப்போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டுவெய்ன் விலங்கை மாட்டினான்.

"என்னவோ சொல்ல வந்தியே?" என்றாள் மார்லா.

அவன் முகம் சிவந்தது.

"அந்தத் தோட்டாவை வெளிய எடுத்தது நான்தான். வந்ததும் துப்பாக்கியைக் காலி பண்ணணும்ல, அதான் இழுத்தேன். எங்கயோ உருண்டுச்சு. விபத்துதானேன்னு தேடல. தப்புதான். நான் வர்ற வரைக்கும் அது உள்ளயேதான் இருந்துச்சு."

அர்விட் மெல்லத் தலையைத் தூக்கினார்.

"அப்போ... நான் இழுக்கவே இல்லயா?"

"இல்ல பெரியவரே," என்றான் டுவெய்ன். "துப்பாக்கி அதுபாட்டுக்கு வாயை மூடிட்டுத்தான் இருந்துச்சு. உங்களுக்குத்தான் முடியல."