கிறீச்சிடும் முக்காலி

காபி பொங்கி அடுப்பில் வழிந்ததைக்கூட கோரின் கவனிக்கவில்லை.

"எங்கேடி போச்சு உன் புத்தி? இன்னிக்கு என் பொண்ணு வர்றா! அவளுக்குக் கருகின காபியைக் குடுத்து மறுபடியும் துரத்தலாம்னு பாக்கறியா?" என்றாள் மாமியார் வெர்னா.

கோரின் துணியை எடுத்துத் துடைத்தாள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது அமெரிக்காவின் டுலூத் ஏரிக்கரையிலும் செல்லுபடியாகிற சட்டம்தான். ஆனால் இன்று அவள் பயம் வெர்னாவைப் பற்றியது அல்ல. கீழ்த்தளத்தில் ஆல்டன் தூசி தட்டிக்கொண்டிருந்த பழைய டேப்பைப் பற்றியது.

ஆல்டன் அவள் கணவன். அவனும் தங்கை பிரிட்டாவும் 'உப்பும் பனியும்' என்ற பெயரில் இரண்டே பேராகப் பாட்டுக் கட்டிப் பாடியவர்கள். எந்தக் கம்பெனி வாசலிலும் நிற்காமல், இந்த வீட்டுக் கீழ்த்தளத்தில் வாஷிங் மெஷினை நிறுத்திவிட்டுப் பதிவு செய்தவர்கள். முதல் ஆல்பத்தில் 'ஏரி உறைந்த பின்' என்று ஒரு பாட்டு. கல்லூரி வானொலிகள் அதையே போட்டுத் தேய்த்தன. நடுவில் 'கிறீச்' என்று ஒரு சத்தம் வரும். ஏரிப்பனி விரிசல் விடுகிறது என்றார்கள் சில ரசிகர்கள். இல்லை, காதலி கதவைத் திறக்கிறாள் என்றார்கள் வேறு சிலர். அதற்காகச் சண்டைகூடப் போட்டார்கள்!

அந்தப் பாட்டால்தான் வீடு உடைந்தது. ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் கோரின், "இனிமே மேடையில அந்தப் பாட்டு மட்டும் வேண்டாமே..." என்றாள். ஏன் என்று கேட்டார்கள். சொல்லவில்லை. "பொறாமை!" என்று கத்தினாள் பிரிட்டா. அன்றைக்கே மினியாபொலிஸ் நகருக்குப் போய் ஒரு பூக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள், பாட்டையே விட்டுவிட்டாள். அண்ணன் தங்கையைப் பிரித்த பாவி என்ற பெயர் கோரினுக்கு நிலைத்தது. அவள் அதை மறுக்கவும் இல்லை.

இப்போது யாரோ அந்த ஆல்பத்தை மறுபடி வெளியிடப்போகிறார்கள். அதற்காகத்தான் பிரிட்டா வருகிறாள்.

வந்தாள். பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டினாள், அம்மாவைக் கட்டிக்கொண்டாள், கோரினைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். நேராகக் கீழே இறங்கினாள்.

"வெளியிடறவங்களுக்கு அந்தக் கிறீச் சத்தம் இல்லாம சுத்தமா வேணுமாம்" என்றான் ஆல்டன். "உன் குரலை மட்டும் தனியா போட்டு, அது எங்கேருந்து வருதுன்னு பார்த்துடலாம்."

கோரின் படியில் நின்றபடியே, "வேண்டாம் ஆல்டன்... பழசைக் கிளறாதே!" என்றாள்.

"பார்த்தியா? இன்னும் அவளுக்கு அந்தப் பாட்டு ஆகல!" என்றாள் பிரிட்டா.

ஆல்டன் மற்ற வாத்தியங்களை எல்லாம் அடக்கிவிட்டு டேப்பை ஓட்டினான். ஆல்பத்தில் வெட்டி எறிந்த முன்பகுதி முதலில் வந்தது.

"ஆல்டன், மேலே சூப் அடிப்பிடிக்குது. சீக்கிரம் தாளத்தைப் போடுப்பா..."

கோரினின் குரல்! அடுத்த மூச்சில் அதே குரல், பாட்டில் பிரிட்டாவின் குரலைப் போலவே ஒலித்தபடி, பாட ஆரம்பித்தது. நடுவில் கிறீச். மூன்று பேரும் சுவரோரம் கிடந்த பியானோ முக்காலியைப் பார்த்தார்கள். பிரிட்டா என்றைக்கும் நின்றுதான் பாடுவாள். அன்று உட்கார்ந்து பாடியவள், வயிற்றில் மகள் எல்சியைச் சுமந்துகொண்டிருந்த கோரின்தான்.

"இது... வழிக்குரல் இல்ல?" என்றான் ஆல்டன். தாளம் அடிக்கிறவனுக்கு வழி தெரிய யாராவது சும்மா பாடி வைப்பார்கள். பாடகி வந்து பாடியதும் ஆல்பத்தில் அதைச் சேர்க்காமல் விட்டுவிடுவார்கள். பிரிட்டாவுக்கு அன்று காய்ச்சல், அதனால் கோரின் பாடி வைத்தாள். "டேப்புல ரெண்டு வரிசைக்குமே 'குரல்'னுதான் சீட்டு ஒட்டியிருந்தேன். அப்போ நான் சேர்க்காம விட்டது... எதை? எனக்கு ஒண்ணுமே புரியலையே!"

டேப்பில் பக்கத்து வரிசையின் ஒலியைத் தூக்கினான். பிரிட்டாவின் குரல் வந்தது. கணீரென்று, அழகாக, இதுவரை உலகத்தில் யாருமே கேட்காமல்.

பிரிட்டா கோரினின் பக்கம் திரும்பினாள். "உனக்கு எப்போ தெரியும்?"

"ஆல்பம் வந்த அன்னிக்கே. கிறீச்சைக் கேட்டதும் தெரிஞ்சுடுச்சு. அதுக்குள்ள ஊரெல்லாம் உன்னைக் கொண்டாடுது. 'அது நான்டி'ன்னு எப்படிச் சொல்லுவேன்? மேடையில நீ அதே மாதிரி பாட முக்கி முக்கித் தொண்டை கிழியறதைப் பார்த்தேன். தாங்கல. பாட்டை விட்டுட்டா போதும்னு நெனச்சேன்... கெட்ட பேரு எனக்கு வந்தா வரட்டும்னு..."

"ஐயோ கோரி!" பிரிட்டா வெடித்து அழுதாள். "என் குரலை என்னாலயே திருப்பிப் பாட முடியலையேன்னு எத்தனை டாக்டர்கிட்ட போனேன் தெரியுமா? எல்லாரும் தொண்டை நல்லா இருக்குன்னுதான் சொன்னாங்க. நான் நம்பல! உன்மேல கோவத்துல பாட்டை விடல... என் குரல் செத்துப்போச்சுன்னு விட்டேன்!"

தியாகம் என்று இத்தனை காலம் நெஞ்சுக்குள் பொத்தி வைத்தது, காப்பாற்ற நினைத்தவளையே தின்றிருக்கிறதே! அழுவதா, மன்னிப்புக் கேட்பதா, நிம்மதிப்படுவதா? கோரினுக்கு ஒன்றும் தெரியவில்லை.

பிரிட்டாதான் அந்த முக்காலியை இழுத்துப்போட்டாள். "உட்காரு. பாடு. இப்பவே பாடு! இத்தனை வருஷமா யாரைக் காப்பியடிச்சேன்னு நான் கண்ணால பார்க்கணும்."

"எனக்கு வராது பிரிட்டா..."

"வரும். தப்பினா நான் இருக்கேன்."

கோரின் உட்கார்ந்தாள். முக்காலி கிறீச்சிட்டது. முதல் அடி நடுங்கியது, இரண்டாவது அடி நின்றது. பிரிட்டா அவள் தோளில் கை வைத்தபடி கண்ணீர் வழிய வழியக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மேலே சமையலறையிலிருந்து வெர்னா ஆனந்தமாகக் கத்தினாள். "பிரிட்டா! என் தங்கமே! இப்பதான்டி உன் பழைய குரல் வந்திருக்கு!"

பாட்டு நின்றது. பிரிட்டா அழுகையும் சிரிப்புமாக மாடிப்படியைப் பார்த்துக் கத்தினாள்.

"அது நான் இல்லம்மா! உன் மருமக!"

பிறகு, முட்டிவலி என்று கீழே எட்டிக்கூடப் பார்க்காத வெர்னா, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். மகளைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள். யாரும் அவளுக்கு எதுவும் விளக்கவில்லை. கடைசியாக மருமகளின் முகத்தை இரண்டு கைகளாலும் ஏந்தினாள்.

"தினம் காலையில அந்த ரெக்கார்டைப் போட்டு, என் பொண்ணு குரல்னு கேட்டுட்டுத்தானேடி உன்னைத் திட்டுவேன்..." என்றாள்.

கோரின் அவள் மேல் சாய்ந்து, இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து அழுதாள்.