நதியாவுக்கு வாங்கிய கண் கிரீம்

ஜமுனாமரத்தூரில் கல்பனா நடத்திவந்த அழகு நிலையத்துக்கு ஊர்க்காரர்கள் பூட்டுப் போட்டுவிட்டார்கள். பூட்டியதோடு விட்டார்களா? இரண்டு நாளில் மலையை விட்டு இறங்கிவிட வேண்டும் என்று கெடுவும் வைத்தார்கள். அவள் நேரே ஓய்வுபெற்ற ஏட்டு தேவயானியின் வீட்டுக்கு வந்து நின்றாள். தேவயானி சாமை புடைத்துக்கொண்டிருந்தார். வந்தவளை அழுது முடிக்கவிட்டு, அதன் பிறகுதான் முறத்தைக் கீழே வைத்தார்.

விஷயம் இதுதான். அதே ஊர்ச் சின்னதம்பி, தன் மகள் நதியாவை அக்கா மகன் சுப்பிரமணிக்குக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். நிச்சயத்தன்று அத்தைக்காரி, பெண்ணின் கண்ணுக்குக் கீழே கருவளையம் இருக்கிறது என்று மூக்கைச் சுளித்தாளாம். ராப்பகலாகத் தையல் மெஷினோடு கிடக்கிற பெண்ணுக்கு வேறென்ன இருக்கும்? நாலு நாள் தூங்கவிட்டால் போயிருக்கும். அந்த யோசனை மட்டும் ஒருவருக்கும் வரவில்லை. சின்னதம்பி கல்பனாவிடம் வந்து கண் கிரீம் ஒரு ட்யூப் வாங்கிப்போனார்.

இரண்டு வாரம் பூசியும் ஒன்றும் ஆகவில்லை. கல்யாணம் நெருங்கிவிட்ட நேரத்தில், ஒருநாள் காலை நதியா முகம் வீங்கி, கண்ணைத் திறக்க முடியாமல் எழுந்தாள். மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்தார்கள், குருட்டுப் பெண் வேண்டாமென்று போய்விட்டார்கள். பழி கிரீம் மேல் விழுந்தது.

"அதே கிரீமத்தான்கா நானும் தெனம் பூசறேன். புருஷன் வுட்டுட்டுப் போனப்பறம் எனக்குன்னு இருக்கறது அந்தக் கடை ஒண்ணுதான். இதுவும் போச்சுன்னா நான் இன்னா பண்ணுவேன்?" என்றாள் கல்பனா.

தேவயானி ஜீப்காரன் இளவரசனைக் கூப்பிட்டார். துப்புத் துலக்குவதென்றால் சாப்பாட்டைக்கூட மறந்துவிடுகிற ஆள் அவன். சின்னதம்பி வீட்டுக்குப் போகிற வழியிலேயே வழக்கை முடித்துவிட்டான். போலிச் சரக்கு, அவ்வளவுதான் என்றான்.

வாசலிலேயே சின்னதம்பி கல்பனாவின் வம்சத்தையே திட்டித் தீர்த்தார். அவர் மனைவி வசந்தி குரல் எழுப்பாமல் பேசினாள். கிரீமை எப்போதும் நதியாதான் பூசிக்கொள்வாள், அன்றைக்கும் அவளேதான் பூசிக்கொண்டாள் என்றாள். ட்யூபைக் கேட்டபோது தயங்காமல் எடுத்துக் கொடுத்தாள். அது கையில் வழுக்கியது. தேவயானி முகர்ந்து பார்த்தார், நல்லெண்ணெய் வாசம். சமையல் கை பட்டிருக்கும் என்றான் இளவரசன்.

தேவயானி அதிலிருந்து பச்சரிசி அளவு பிதுக்கி, மோதிர விரலால் தன் கண்ணுக்குக் கீழேயே ஒற்றிக்கொண்டார். இளவரசன் பதறித் துடைக்கத் துண்டை நீட்டினான்.

உள்ளே நதியா படுத்திருந்தாள். இடது கண்ணில் பார்வை முழுசாகத் திரும்புமா என்பதை இப்போது சொல்ல முடியாது என்று மலைக்குக் கீழே ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லியிருந்தார். வீக்கத்தின் ஓரத்தில் கன்றிக் கருத்த திட்டுகள் இருந்தன. அவள் கைகளைத் தேவயானி எடுத்துப் பார்த்தார். விரல் நுனியெல்லாம் மருதாணி ரத்தமாய்ச் சிவந்திருந்தது. ஒரு கொப்புளம்கூட இல்லை. எப்போது வைத்தது என்று கேட்டார். முகம் வீங்கிய நாளுக்கு முந்தின சாயந்தரம் வைத்து, துணி சுற்றிப் படுத்து, காலையில்தான் கழுவியதாக நதியா சொன்னாள். அது போதும் என்று தேவயானி எழுந்துகொண்டார்.

மறுநாள் அதே வீட்டில் கல்பனாவையும், பூட்டுப் போட்ட ஊர்க்காரர் இருவரையும் வரவழைத்தார். நதியாவும் சுவரைப் பிடித்தபடி வந்து உட்கார்ந்தாள்.

"மொதல்ல என் கண்ணப் பாருங்க. நேத்து அந்த ட்யூப்ல இருந்து பூசினேன். ஒண்ணும் ஆகல. கெடுதல் ட்யூப்ல இல்ல. பூசற நேரத்துல அதோட வேற ஒண்ணு சேந்திருக்குது" என்றார் தேவயானி. "பொண்ணு மூஞ்சில கருப்பா இருக்குதே, அது இன்னான்னு இந்த மலையில தெரியாதவங்க யாரு?"

ஊர்க்காரர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, சேங்கொட்டை என்றார். துணிக்குக் குறிபோடுகிற கொட்டை அது. சாறு பட்ட இடம் வெந்து கருத்துவிடும்.

இளவரசன் சும்மா இருப்பானா? அப்படியானால் பூசின விரலும் வெந்திருக்க வேண்டுமே என்றான்.

"வெந்துதான் இருக்கணும். ஆனா சேங்கொட்டை பொறுக்கப் போறவங்க மொதல்ல இன்னா பண்ணுவாங்க? பலாப்பழம் அறுக்கறாப்பல, கைக்கு எண்ணெய் தடவிக்குவாங்க. ட்யூப் மேல இருந்தது அந்த எண்ணெய்தான்."

கொப்புளம் இல்லாத விரல், எண்ணெய் பட்ட ட்யூப். இளவரசன் துள்ளினான். நதியாவே கல்யாணத்தை நிறுத்தத் தனக்குத்தானே பூசிக்கொண்டாள் என்று போட்டு உடைத்தான்.

"அவசரப்படாதடா. ரெண்டு கையிலயும் மருதாணி வெச்சி, துணி சுத்திகினு படுத்த பொண்ணு எந்த விரலால கிரீம் பூசும்?" என்ற தேவயானி, நதியாவின் பக்கம் திரும்பினார். "அன்னிக்கு உனக்கு யாரும்மா பூசிவுட்டது?"

"அம்மாதான்" என்றாள் நதியா. இத்தனை பேர் வந்து பார்த்தார்களே, இந்த ஒரு கேள்வியை அவளிடம் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

வசந்தி அதன்பிறகு மறைக்கவில்லை.

"நான்தான். குடிச்சிட்டு பெத்தவ கையையே ஒடச்சவன் அந்தச் சுப்பிரமணி. வேணாம்னு எவ்ளோ சொன்னேன், இந்த வூட்டுல எம்பேச்சு எடுபட்டுச்சா? மூஞ்சி வீங்கினா அவங்களே வேணாம்னு பூடுவாங்கன்னு நெனச்சேன். கன்னத்து மேலதான் வெச்சேன். தூக்கத்துல கண்ணக் கசக்கும்னு தெரியாம போச்சே."

"என் கடையப் பூட்டினப்போ வாயத் தொறக்கலியே நீ?" என்று கேட்டாள் கல்பனா.

"தொறந்திருந்தா கல்யாணத்த மறுபடி பேசுவாங்க. ஒம்பொழப்பு போவுதுன்னு தெரிஞ்சிதான் சும்மா இருந்தேன்."

கல்பனாவுக்கு உடம்பெல்லாம் ஆத்திரமாக வந்தது. நதியாவின் கண்ணைப் பார்த்த பிறகு திட்டவும் முடியவில்லை. ஊர்க்காரரிடம் சாவியைப் பிடுங்கிக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கிப் போனாள்.

சின்னதம்பி கையை ஓங்கிக்கொண்டு எழுந்தார். தேவயானி குறுக்கே வந்து நின்றதும் கை இறங்கியது. வாய் இறங்கவில்லை. என் வாக்கு போச்சு, என் மானம் போச்சு என்று கத்தினார். மகளின் கண்ணைப் பற்றி அந்தக் கத்தலில் ஒரு சொல்லும் இல்லை.

நதியா அப்பாவின் பக்கம் திரும்பவே இல்லை. வீங்கிய முகத்தோடு, வசந்தியின் குரல் வந்த பக்கம் பார்த்துக் கேட்டாள்.

"ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? எனக்கு மட்டும் அவன கட்டிக்க ஆசையா? சொல்லியிருந்தா நானே பூசிகினு, கண்ணக் கசக்காம விடியற வரைக்கும் முழிச்சிகினு இருந்திருப்பேனே."