பேச்சிமுத்துவின் மனப்படி

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று பேச்சிமுத்து அண்ணாச்சியின் மனப்படி நிதி ஆலோசகர் ஜெயசீலியிடம் எரிந்து விழுந்தது.

போன வாரம் அண்ணாச்சியும் இதையேதான் சொன்னார். உயில் என்று வாயெடுத்தாலே மனிதருக்கு ஆகாது. "அதையெல்லாம் அந்த மிசின்ட்ட பேசிக்கோம்மா. கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடு" என்று மூளையை நகலெடுக்கக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அந்த நகலுக்குப் பெயர்தான் மனப்படி. அண்ணாச்சியின் அறிவோடு அவருடைய பயமும் அதில் அப்படியே வந்து தொலைத்திருந்தது.

இதற்கென்றே ஆலோசகர்கள் ஒரு பொய்யைக் குறுக்குவழியாக வைத்திருந்தார்கள். பேசியதை அதன் நினைவிலிருந்து அழித்துவிட்டு ஜெயசீலி மறுபடி தொடங்கினாள்.

"அண்ணாச்சி, நீங்க தவறி ஒரு வாரமாச்சு."

படி, "உலகம்மா சாப்பிட்டாளா?" என்று கேட்டது.

உலகம்மாள் நடக்க முடியாத மகள். அவள் சக்கர நாற்காலிக்கென்றே அவர் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு. பங்கு பிரித்தால் மகன் அதை விற்றுவிட்டு அவளை ஏதாவது விடுதியில் தள்ளிவிடுவான். "வீடு முழுக்க அவளுக்குத்தான். இருந்தப்ப சொல்லத் தைரியமில்ல. இப்ப சொல்லுதேன், எழுதிக்கோ" என்று படி அழுதது. ஜெயசீலிக்கும் தாங்கவில்லை.

கையெழுத்துக்கு நாள் குறித்தார்கள். "அஷ்டமி, நவமி கழியட்டும்" என்று தள்ளிப்போட்ட அண்ணாச்சி, நவமியன்றே நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார்.

கையெழுத்து இல்லாவிட்டால் மனப்படியின் வாக்கே போதும் என்று சட்டம் இருந்தது. ஆனால் பதிவாளர் கோப்பைத் திருப்பித் தள்ளினார்.

"உயில் எழுதுறவங்க உயிரோட இருக்கோம்னு நெனச்சு எழுதணும்மா. இது செத்துட்டோம்னு நெனச்சுச் சொன்னது, செல்லாது. என் முன்னாடி முறையா ஒரு தடவை கேளுங்க."

உலகம்மாள் பக்கத்தில் இருந்தாள். ஜெயசீலி படியின் நினைவை மீண்டும் அழித்து எழுப்பினாள்.

"அண்ணாச்சி, நல்லா இருக்கீங்களா?"

"எனக்கென்னம்மா, கல்லு மாதிரி இருக்கேன்."

"வீட்டை யாருக்கு எழுதணும்னு ஒரு வார்த்தை மட்டும்..."

"நல்லா கேட்ட போ! நான் என்ன நாளைக்கேவா போயிரப் போறேன்? தை பொறக்கட்டும், பாப்போம்."

உலகம்மாளால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "அப்பா, நான்தான் பேசுதேன். எனக்காகச் சொல்லுப்பா!" என்று கதறினாள்.

குரலைக் கேட்டதும் மனப்படி குழைந்தது.

"ஏட்டி, எதுக்கு அழுத? நான் இருக்கையில உனக்கு என்ன கவலை?"