கானிம் குடிக்காத காபி

பந்தய நாள் காலையில் பாலைவனம் முழுக்கப் பனிமூட்டம் இறங்கியிருந்தது. கூடாரங்கள் ஈரத்தில் நனைந்து சாம்பல் நிறமாக நின்றன. கானிம் தன் குதிரையின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தான்.

குதிரையின் பெயர் முஸ்னா. மழைமேகம் என்று பொருள். மேகத்தின் நிறம்தான் அவளுக்கும்.

கானிமுக்குப் பன்னிரண்டு வயது. ஷேக் சுரூரின் மகன். எல்லாரும் அவனை இளவரசன் என்றார்கள். ஆனால் அப்பாவின் ஒரே ஒரு வார்த்தையை மாற்ற அந்த இளவரசனால் முடியவில்லை.

முந்தின நாள் மாலை அப்பாவின் கூடாரத்தில் பெரியவர்கள் கூடியிருந்தார்கள். பக்கத்துக் கூடாரத்து ஷேக் கல்ஃபான்தான் பேச்சை ஆரம்பித்தார்.

"சுரூர், உன் சாம்பல் குதிரைக்கு வயசாயிடுச்சுப்பா. பேசாம என்கிட்ட குடுத்துடு."

"வயசா? நாளைக்கு அவதான் முதல்ல வருவா!" என்றார் அப்பா.

"வரலைன்னா?"

"வரலைன்னா அவ உன் குதிரை!"

எல்லாரும் கை தட்டினார்கள். கானிம் மட்டும் தட்டவில்லை. கல்ஃபானின் குதிரைகள் வாரந்தோறும் ஓடும். குளிர்காலம் முடிவதற்குள் அவற்றில் பாதி நொண்டும். அது அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும்.

அதனால் இன்று கானிம் முதலில் வந்தே ஆகவேண்டும்.

நெடுந்தூரப் பந்தயம். இரண்டு சுற்று. முதல் சுற்று முடிந்ததும் குதிரை மருத்துவர் முஸ்னாவின் இதயத் துடிப்பைக் கேட்டுவிட்டு, "போகலாம். ஆனா வழியில நல்லாத் தண்ணி குடிக்க வை" என்றார்.

இரண்டாவது சுற்றில் முஸ்னா நன்றாகவே ஓடினாள். பனி விலகி வெயில் ஏறியது. பக்கத்திலேயே சித்தப்பா உபைத் ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்தார். குதிரை மேல் ஊற்ற ஜன்னல் வழியாகத் தண்ணீர் பாட்டில்களை நீட்டினார். பின்னால் இன்னும் ஏழெட்டு வண்டிகள். எல்லாவற்றிலும் ஹாரன் சத்தம்.

"முன்னாடி ஒரே ஒருத்தன்தான்டா! விரட்டு!" என்று சித்தப்பா கத்தினார்.

தண்ணீர்த் தொட்டி வந்தது. முஸ்னா குனிந்தாள். ஹாரன் அலறியது. அவள் தலையைத் தூக்கிக்கொண்டாள். ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

கானிம் அவள் கழுத்துத் தோலை விரலால் கிள்ளிவிட்டுப் பார்த்தான். தோல் உடனே படியவில்லை. மடித்த துணி மாதிரி அப்படியே நின்றது. உடம்பில் நீர் வற்றிவிட்டால் குதிரைக்கு அப்படித்தான் ஆகும்.

"அடுத்த தொட்டியில குடிச்சுக்குவா. நீ போ!" என்றார் சித்தப்பா.

போனால் முஸ்னா கீழே விழலாம். போகாவிட்டால் அவள் கல்ஃபானுக்கு. இரண்டில் எதை நினைத்தாலும் கானிமுக்கு அழுகை வரும் போலிருந்தது.

அவன் சேணத்திலிருந்து இறங்கினான்.

"டேய்! என்னடா பண்ற? எல்லாரும் பார்க்குறாங்க, ஏறு!"

"பார்க்கட்டும் சித்தப்பா. முதல்ல ஹாரனை நிறுத்துங்க. எல்லா வண்டியையும் மேட்டுக்கு அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போங்க. இவ்வளவு சத்தத்துல உங்களால குடிக்க முடியுமா?"

சித்தப்பா ஹாரனிலிருந்து கையை எடுத்தார். பின்னால் வந்தவர்களுக்குக் கை காட்டினார். வண்டிகள் ஒவ்வொன்றாக மணல்மேட்டைத் தாண்டிப் போயின.

சத்தம் அடங்கியது. முஸ்னா காதுகளை அசைத்தாள். பிறகு மெல்லத் தொட்டியில் வாயை வைத்தாள். குடித்தாள். நிறுத்தாமல் குடித்தாள். கானிம் சேணத்தின் வாரைத் தளர்த்திவிட்டு, அவள் தொண்டையில் தண்ணீர் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு அவள் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தான். மணல் சூடாக இருந்தது. குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாக அவர்களைத் தாண்டிப் போயின. மாமா மகன் தியாப் போகிற போக்கில் கத்தினான்: "என்ன இளவரசே, செருப்பு எங்கேயாவது தொலைஞ்சு போச்சா? தேடிட்டு வர்றியா?"

கானிம் முஸ்னாவோடு நடந்துகொண்டே இருந்தான். அவர்கள்தான் கடைசியாக வந்து சேர்ந்தார்கள்.

மருத்துவர் முஸ்னாவின் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். "பிழைச்சுக்கிட்டா. நீ இறங்காம ஓட்டியிருந்தா…" என்று ஆரம்பித்தவர், கானிமின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அப்பா திட்டவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"சொன்னது சொன்னதுதான் கானிம். அத்தனை பேர் முன்னாடி சொல்லிட்டேன்" என்றார். அவர் குரல் கரகரத்தது.

கானிம் முகத்தைக் கழுவிக்கொண்டு நேராகக் கல்ஃபானின் கூடாரத்துக்குப் போனான்.

"வா வா, இளவரசே!" என்று அவர் சிரித்தார். சின்னக் கிண்ணத்தில் காபி வந்தது. கானிம் அதற்கு முன் காபி குடித்ததே இல்லை. கிண்ணத்தை இரண்டு கைகளாலும் வாங்கினான். குடிக்காமல் தன் முன்னால் தரையில் வைத்தான்.

கூடாரத்தில் பேச்சு நின்றது.

அந்த மக்களின் வழக்கப்படி, விருந்தாளி காபியைக் குடிக்காமல் கீழே வைத்தால், அவனுக்கு ஏதோ வேண்டும். வீட்டுக்காரர் அதைக் கொடுத்த பிறகே அவன் குடிப்பான். குடிக்காமல் அவன் எழுந்து போனால் வீட்டுக்காரருக்கு அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

கல்ஃபானின் சிரிப்பு மறைந்தது. "குதிரையைத் திருப்பிக் கேக்க வந்தியா?"

கேட்கலாம். கேட்டால் அவர் கொடுத்துத்தான் ஆகவேண்டும். அந்த வார்த்தை கானிமின் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அப்பாவின் கரகரத்த குரல் நினைவுக்கு வந்தது. கொடுத்த வாக்கைப் பிள்ளையை அனுப்பித் திருப்பி வாங்கினான் சுரூர் என்று ஊர் பேசும்.

"இல்லை ஷேக். அவ உங்க குதிரைதான்" என்றான். "ஆனா இனிமே அவ பந்தயத்துல ஓடக் கூடாது."

"ஓடாத குதிரைக்கு நான் எதுக்குத் தீனி போடணும்?"

மூலையில் யாரோ சிரித்தார்கள். கானிம் அசையவில்லை. காபியிலிருந்து எழுந்த ஆவி மெல்ல மெல்லக் குறைந்து நின்றுபோனது.

கல்ஃபான் தாடியைத் தடவினார். கிண்ணத்தைப் பார்த்தார். பையனைப் பார்த்தார். மறுபடி கிண்ணத்தைப் பார்த்தார்.

"சரி. குட்டிகளோட மேய்ஞ்சுக்கிட்டு இருக்கட்டும். இங்க இருக்கிற எல்லாரும் சாட்சி. இப்பக் குடி."

கானிம் ஒரே மடக்கில் குடித்தான். முகம் கோணிக்கொண்டது.

"ஐயோ, மூஞ்சியைப் பாருங்கப்பா! அடுத்து என்ன கேப்ப? என் கூடாரத்தையா?"

"ஒரு பேரீச்சம்பழம்" என்றான் கானிம். "ரொம்பக் கசக்குது."

கூடாரமே சிரித்தது. அவனால்தான் சிரிக்க முடியவில்லை.

சாயங்காலம் முஸ்னாவை ஏற்றிப்போக வண்டி வந்தது. அப்பா கானிமின் பக்கத்தில் வந்து நின்றார். அவர் காதுக்கும் செய்தி போயிருந்தது.

"ஏன்டா திருப்பிக் கேக்கல? கேட்டிருந்தா குடுத்திருப்பாரே."

"அதனாலதான்பா கேக்கல."

அப்பா கானிமின் தோளைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டார்.

முஸ்னா வண்டியின் சாய்வுப் பலகையில் ஏறினாள். கானிம் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே புல் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அவள் அதை வாய் நிறையப் பிடித்து இழுத்து மென்றுகொண்டிருந்தாள்.

கானிம் கண்களைத் துடைத்துக்கொண்டான். உடம்பு சரியில்லாத குதிரை அப்படிச் சாப்பிடாது.