பாதம் சாருக்கு ஒரு நிமிடம்

முன்னுணர்விக்கான வரிசை கிழக்குப் பார்வையாளர் மாடத்தின் படிகளில் தொடங்கி, திடலை ஒரு சுற்றுச் சுற்றி, வெளிவாசலையும் தாண்டிப் போயிருந்தது. வந்தவர்கள் எல்லாரும் கொற்றலைக் கல்லூரிக் கால்பந்து அணியின் கரும்பச்சைச் சட்டையில்தான் இருந்தார்கள். அமலோற்பவமும் அவள் தோழி தில்ஷாத்தும் வெயில் ஏறுவதற்கு முன்பே வந்து இடம் பிடித்துவிட்டார்கள். ஆட்டம் எதுவும் இல்லாத நாளில் இத்தனை கூட்டத்தை அந்தத் திடல் பார்த்ததில்லை.

எண்ணூர்ப் பக்கம் அப்போதெல்லாம் யாரும் முன்னுணராமல் பெரிய காரியம் எதையும் செய்வதில்லை. வீடு மாறுவதென்றால், பெண் பார்ப்பதென்றால், வேலையை விடுவதென்றால், கேட்பவர்கள் முதலில் "முன்னுணர்ந்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள். சாப்பிட்டாச்சா என்பதுபோல அது வாய்ப்பழக்கமாகவே ஆகிவிட்டது. முன்னுணர்வி என்ற அந்தக் கருவி செய்வது ஒன்றுதான். நீங்கள் எடுக்க நினைக்கும் முடிவை வாய்விட்டுச் சொல்லி, தலையில் வலைத்தொப்பியை மாட்டிக்கொண்டு, ஒரு நிமிடம் கண்ணை மூடி உட்கார வேண்டும். கண்ணைத் திறக்கும்போது, அந்த முடிவோடு ஐந்து வருடம் வாழ்ந்தபின் உங்கள் மனம் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். படம் தெரியாது, குரல் கேட்காது, உணர்வு மட்டும் வரும். பத்து மூச்சு விடுவதற்குள் அது கலைந்துவிடும். அதற்குள் வேண்டும், வேண்டாம் என்ற இரண்டு பொத்தான்களில் ஒன்றை அழுத்திவிட வேண்டும்.

அன்றைக்குக் கேள்வி ஏசுபாதத்தைப் பற்றியது. இடைக்காலப் பயிற்சியாளராக இருக்கும் அவனை நிலையான பயிற்சியாளர் ஆக்கலாமா?

ஆட்டப் பருவத்தின் நடுவில் பழைய பயிற்சியாளர் வேறொரு பெரிய அணி கூப்பிட்டதென்று சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டார். அணி அப்போது பட்டியலின் அடியில் கிடந்தது. பொறுப்பை ஏற்க வெளியிலிருந்து யாரும் முன்வராததால், துணைப் பயிற்சியாளனாக இருந்த ஏசுபாதத்தை அந்த இடத்தில் நிற்கவைத்தார்கள். அந்தக் கல்லூரிக்கே கோல்காப்பாளனாக ஆடியவன், முப்பத்தைந்து வயது, அதிகம் பேசமாட்டான். அவன் வந்ததும் பையன்கள் என்ன மாயமோ ஓட ஆரம்பித்தார்கள். முதலில் சமன், அப்புறம் வெற்றி, அதற்குமேல் வெற்றி மட்டுமே. பக்கத்துத் துறைமுகக் கல்லூரியை மழையில் தோற்கடித்த அன்று கிழக்கு மாடம் முழுவதும் "பாதம், பாதம்" என்று கத்தியது. அமலோற்பவம் அழுதாள். துறைமுகத்துப் பாரந்தூக்கிகளைத் தன் வீட்டு அறையிலிருந்தே இயக்கும் தனியாள் அவள். நாற்பது வயதுக்கு மேல் ஆகிறது. பொது இடத்தில் அழுவதெல்லாம் அவள் வழக்கமில்லை. அன்றைக்கு யாரென்றே தெரியாத ஒரு கிழவரைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அவனையே நிலையாக வைத்துக்கொள்ளுங்கள் என்று ரசிகர்கள் ஒரே குரலில் கேட்டார்கள். கல்லூரி அறக்கட்டளையின் செயலாளர் வரதப்பன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். இன்றைக்குக் கத்துகிற கத்தலை நம்பி ஐந்து வருட ஒப்பந்தம் போட முடியாது என்றும், ஐந்து வருடம் கழித்து நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்பதைத்தான் அறக்கட்டளை கேட்கும் என்றும் சொன்னார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. ஏசுபாதத்துக்குக் கிடைக்கப்போகும் வரவேற்பில் யாருக்கும் சந்தேகமில்லை.

அமலோற்பவத்தின் முறை வந்தது. கருவியை நடத்தும் நப்பின்னை என்ற பெண் வலைத்தொப்பியைச் சரிசெய்துவிட்டு, கேள்வியைச் சொல்லச் சொன்னாள்.

"பாதம் சாரே எங்களுக்கு நிரந்தரமா வேணும்" என்று சொல்லிவிட்டு அமலோற்பவம் கண்ணை மூடிக்கொண்டாள்.

கண்ணைத் திறந்தபோது ஒன்றுமில்லை.

கோபமோ சலிப்போ வருத்தமோ வந்திருந்தால்கூடப் புரிந்திருக்கும். பல் பிடுங்குவதற்கு ஊசி போட்டபின் கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுவதுபோல் இருக்குமே, மனம் அப்படி இருந்தது. ஏசுபாதத்தின் முகத்தை நினைத்துப் பார்த்தாள். மழையில் நனைந்த திடலை நினைத்துப் பார்த்தாள். எதுவும் எங்கேயும் போய்த் தொடவில்லை. ஐந்து வருடத்தில் இந்த ஆளும் இந்த அணியும் நமக்கு ஒன்றுமில்லாமல் போய்விடப்போகிறார்கள் என்று அவளுக்குப் புரிந்தது. நேரம் முடியப்போவதாக நப்பின்னை ஞாபகப்படுத்தினாள். அமலோற்பவம் வேண்டாம் என்ற பொத்தானை அழுத்தினாள்.

வெளியே வந்தவள் தில்ஷாத்தின் முகத்தைப் பார்த்தாள். அதே முகம்தான் அவளுக்கும். அவர்களுக்கு முன்னால் போனவர்கள் படிகளில் அங்கங்கே உட்கார்ந்திருந்தார்கள், யாரும் யாரோடும் பேசவில்லை. வரிசையில் பின்னால் நின்றவர்கள் மட்டும் இன்னும் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். வரிசை நகர நகரப் பாட்டும் குறைந்துகொண்டே வந்தது.

எல்லாரும் வேண்டாம் என்றதைக் கேட்டு வரதப்பனே திகைத்துப் போனாராம். அதன்பின் அறக்கட்டளை, வடக்கேயிருந்து வர விரும்பிய பெயர்பெற்ற பயிற்சியாளர் ஒருவரைப் பற்றி அதே ரசிகர்களிடம் கேட்டது. அந்த ஆளைப் பேரளவில்தான் எல்லாருக்கும் தெரியும். ஆனால் தொப்பியைக் கழற்றியபோது ஏதோ கொஞ்சம் இதமாக இருந்தது, வெந்நீரில் கை வைத்த மாதிரி. மரத்துப்போவதற்கு இது தேவலை என்று எல்லாரும் வேண்டும் என்ற பொத்தானை அழுத்தினார்கள்.

ஏசுபாதம் சாமான்களை எடுத்துக்கொள்ள வந்த அன்று அமலோற்பவம் வாசலில் நின்றிருந்தாள். அவனைப் பார்க்காமல் போவது சரியில்லை என்று பட்டதால் வந்திருந்தாள். அவன் பையைக் கீழே வைத்துவிட்டு அவள் எதிரே நின்றான்.

"அக்கா, மறைக்காம சொல்லுங்க. இன்னா இருந்துச்சி உள்ள? என்மேல கோவமா?"

"கோவம் இருந்தா பரவால்லயே தம்பி" என்றாள் அவள். "ஒண்ணுமே இல்ல. காலியா இருந்துச்சி."

அவன் தலையை ஆட்டினான். சண்டை போடுவான், இல்லையென்றால் கண் கலங்குவான் என்று நினைத்திருந்தாள். இரண்டும் நடக்கவில்லை. பொன்னேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டிருப்பதாகச் சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனான்.

புதிய பயிற்சியாளர் கெட்டிக்காரர். அடுத்த பருவமே கொற்றலைக் கல்லூரி கோப்பையை வென்றது. அந்தக் கல்லூரியின் சரித்திரத்திலேயே முதல் கோப்பை. கடைசி ஊதல் ஒலித்ததும் பையன்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரண்டார்கள், வாணம் விட்டார்கள். கிழக்கு மாடத்தில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். எழுந்து நிற்கவேண்டிய நேரம் அது என்று தெரிந்ததால் நின்றார்கள்.

"ஜெயிச்சிட்டோம் இல்ல?" என்றாள் தில்ஷாத்.

ஆமாம் என்றாள் அமலோற்பவம். இருவரும் கொஞ்ச நேரம் கைதட்டினார்கள். பிறகு பேருந்தில் கூட்டம் சேர்வதற்குள் கிளம்பிவிட்டார்கள்.

அதன்பின் சில வாரங்கள் அமலோற்பவம் தன்னைத் தானே சோதித்துப் பார்த்தாள். மற்றதெல்லாம் சரியாகத்தான் இருந்தது. அக்கா மகளுக்குக் குழந்தை பிறந்த செய்தி வந்தபோது நெஞ்சு துள்ளியது. பக்கத்து வீட்டுக்காரர் இறந்தபோது அழுகை வந்தது. நகைச்சுவைக் காட்சிக்குச் சிரிப்பு வந்தது. பந்தாட்டம் மட்டும், உடம்பில் ஓரிடத்தை வெட்டி எடுத்ததுபோல, இல்லாமல் போயிருந்தது. கிழக்கு மாடத்தில் விசாரித்தாள். எல்லாருக்கும் அப்படித்தான். வெட்கப்பட்டுக்கொண்டு யாரும் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள்.

அவள் நப்பின்னையைத் தேடிப் போனாள். அந்தப் பெண் முன்னுணர்வி வேலையை விட்டுவிட்டு, மீன்பிடி துறைமுகத்தில் குளிரறைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்திருந்தாள். கேள்வியைக் கேட்டதும், எப்போதாவது ஒருவர் வந்து கேட்பார்கள் என்று எதிர்பார்த்தவள்போல, கையுறையைக் கழற்றிவிட்டு ஓரமாக அழைத்துப்போய் உட்காரவைத்தாள்.

ஐந்து வருடத்துக்குப் பின் மனம் எப்படி இருக்கும் என்பதைக் கருவி வெளியிலிருந்து கொண்டுவந்து காட்டுவதில்லை என்று அவள் விளக்கினாள். அப்படிக் காட்ட வழியே கிடையாது. அந்த ஒரு நிமிடத்தில், ஐந்து வருடத்து மகிழ்ச்சி, ஏமாற்றம், படபடப்பு எல்லாவற்றையும் மூளைக்குள் வேகவேகமாக ஓடவிட்டு முடித்துவிடுகிறது. அது நமக்குத் தெரிவதில்லை. எல்லாம் ஓடி முடிந்தபின் அடியில் எது மிஞ்சுகிறதோ அதுதான் கண் திறக்கும்போது தெரிகிறது. பட்டும் படாமல் இருக்கும் விஷயமென்றால் பெரிதாக ஓடுவதற்கு ஒன்றுமில்லை, அதனால் கொஞ்சம் இதம் மிஞ்சும். உயிரையே வைத்திருக்கும் விஷயமென்றால் அத்தனையும் அந்த நிமிடத்திலேயே செலவாகிவிடும், பிறகு திரும்பி வராது. இதைப் பலமுறை மேலே தெரிவித்ததாகவும், கருவி மனதை நிதானமாக்குகிறது என்று பதில் வந்ததாகவும் சொன்னாள்.

"அப்ப நாங்க அன்னிக்கு வேணாம்னு சொன்னது..." என்று ஆரம்பித்தாள் அமலோற்பவம்.

"நான் அங்க எவ்வளவோ பேரைப் பார்த்திருக்கேன் மேடம். உங்க ஆளுங்க மாதிரி அவ்வளவு காலியா யாரும் வெளிய வந்ததில்ல" என்றாள் நப்பின்னை. "அவ்வளவு ஆசை இருந்திருக்கு."

அமலோற்பவம் நன்றி சொல்லிவிட்டு எழுந்தாள். திரும்பி வரும் வழியில் இதற்கு அழவேண்டும் என்று தோன்றியது. அழுகை வரவில்லை.

பொன்னேரிப் பள்ளித் திடலில் புல் கிடையாது, செம்மண்தான். பிள்ளைகள் பந்தைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். ஏசுபாதம் ஓரத்தில் நின்று ஒவ்வொருத்தியையும் பேர் சொல்லித் திருத்திக்கொண்டிருந்தான். அமலோற்பவத்தைப் பார்த்ததும் வந்து, வேப்பமர நிழலில் கிடந்த பலகையில் அவளை உட்காரச் சொல்லிவிட்டுத் தானும் உட்கார்ந்தான். நப்பின்னை சொன்ன எல்லாவற்றையும் அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"உங்களுக்கெல்லாம் முன்னாடி என்னியத்தான் உக்கார வெச்சாங்க அக்கா" என்றான் கடைசியில். "நீயே உனக்கு வேணுமான்னு கேட்டுக்கோன்னாங்க. எனக்கும் காலியாத்தான் இருந்துச்சி. அட, நமக்கே இந்த வேலைமேல ஆசை இல்லபோலன்னு நெனச்சிட்டேன். அதான் நீங்க வேணாம்னப்போ கோவமே வரல."

"இப்ப எப்படி இருக்கு? பந்து?"

"கால்ல பட்டா தோல் பட்ட மாதிரி இருக்கு, அவ்ளோதான். இதுங்க வந்து சார் சொல்லிக்குடுங்கன்னு கேக்குதுங்க. சொல்லிக்குடுக்குறேன்."

அவன் சொல்லிக்கொடுப்பதை அவள் சற்று முன்புதான் பார்த்திருந்தாள். கணுக்காலை எப்படித் திருப்புவது என்று ஒரு பெண்ணுக்கு மண்டியிட்டுக் காட்டிக்கொண்டிருந்தான். அதில் எந்தக் குறையும் தெரியவில்லை.

காலடிக்கு உருண்டு வந்த பந்தைத் திருப்பித் தட்டிவிட்டு அவன் கேட்டான். "அப்ப உங்களுக்கெல்லாம் என்னியப் பிடிச்சிருந்துச்சா அக்கா?"

அமலோற்பவம் பதிலை உள்ளே தேடினாள். அது இருக்கவேண்டிய இடம் தெரிந்தது, இடம் மட்டும்தான் இருந்தது. ஆனால் உண்மை எது என்பதில் அவளுக்கு இப்போது சந்தேகமில்லை.

"பிடிச்சிருந்துச்சி தம்பி" என்றாள். "ரொம்ப."

கோப்பையை வென்ற பயிற்சியாளரை அந்தக் கோடையிலேயே வேறொரு பெரிய அணி அழைத்துக்கொண்டது. ரசிகர்களுக்கு அதுவும் உறைக்கவில்லை. வரதப்பன் வழக்கம்போல முன்னுணர்வியை ஏற்பாடு செய்தார். அந்த நாளில் கிழக்கு மாடத்துப் படிகளில் ஒருவர்கூட வரிசைக்கு வரவில்லை. ஏசுபாதத்தையே மறுபடி கேட்போம், தொப்பி மட்டும் வேண்டாம் என்று அமலோற்பவமும் தில்ஷாத்தும் வீடு வீடாகப் போய்ப் பேசியிருந்தார்கள். முன்பு பாட்டுப் பாடியவர்களில் பலர், இனி எதற்காக இதெல்லாம், எங்களுக்குத்தான் ஒன்றும் தோன்றவில்லையே என்று கேட்டார்கள். தோன்றாது என்றுதான் அமலோற்பவமும் சொன்னாள். தோன்றாவிட்டாலும் அன்றைக்கு நமக்கு என்ன இருந்தது என்று தெரிந்துவிட்டதல்லவா, தெரிந்ததை வைத்துச் சொல்லுவோம் என்றாள்.

வரதப்பன் இறங்கி வந்தார். அவரும் கோப்பை நாளன்று கைதட்டிவிட்டுச் சீக்கிரமே வீட்டுக்குப் போனவர்தான். திடலில் எல்லாரையும் கூட்டி நேராகவே கேட்டுவிடலாம் என்று சம்மதித்தார்.

ஏசுபாதம் திடலின் நடுவில் நின்றான். பொன்னேரிப் பிள்ளைகளை விடமாட்டேன், வாரத்தில் இரண்டு நாள் அங்கே போவேன் என்று சொல்லித்தான் வந்திருந்தான். வரதப்பன் ஒலிபெருக்கியில் கேள்வியைச் சொல்லி, ஒப்புக்கொள்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார்.

முதலில் யாரும் அசையவில்லை. பிறகு மேற்கில் ஒரு கை எழுந்தது, தெற்கில் சில. மெல்ல மெல்ல எல்லா மாடத்திலும் கைகள் எழுந்தன. யாரும் கத்தவில்லை, அவன் பேரைச் சொல்லவில்லை. முகங்களில் ஒன்றுமில்லை. பாரத்தைத் தூக்குவதுபோலத்தான் ஒவ்வொருவரும் தங்கள் கையைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். நடுவில் நின்ற ஏசுபாதம் மேற்கு மாடத்தை வெகுநேரம் பார்த்தான். அவன் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. வரிசை வரிசையாக, ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தான். அதன்பின் தெற்குப் பக்கம் திரும்பினான்.

கிழக்கு மாடத்தில் தில்ஷாத்தின் கை நடுங்க ஆரம்பித்தது.

"வலிக்குதுடி. எறக்கிடலாமா?"

"இன்னும் நம்ம பக்கம் பாக்கல" என்றாள் அமலோற்பவம். "இரு."