பட்டத்தின் மேல் உட்கார்ந்தவள்

ஆடி மாதம் பிறந்துவிட்டால் கருமத்தம்பட்டியில் காயப்போட்ட துணியைப் பக்கத்துத் தெருவில் போய்த்தான் தேட வேண்டும். காற்று அப்படி அடிக்கும்.

அந்தக் காற்றை நம்பித்தான் மதன்குமார் ஜெர்மனியிலிருந்து ஒரு பட்டத்தைக் கொண்டுவந்திருந்தார். விசைத்தறி முதலாளி அப்புசாமியின் மகன் அவர். அங்கேயே படித்து, அங்கேயே வேலை பார்க்கிறவர், விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தார்.

அது காகிதப் பட்டம் இல்லை. விரித்தால் ஒரு மாட்டுக் கொட்டகைக்குக் கூரை போடலாம். முன் ஓரம் முழுக்கத் தடித்த குழாய். பம்பு வைத்துக் காற்றடித்தால் குழாய் விறைத்துக்கொள்ளும், பட்டம் பிறை நிலாப் போல வளைந்து நிற்கும். இரண்டு முனைகளிலிருந்தும் இரண்டு நீளமான நூல்கள், ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை. நூல்களின் மறுமுனையில் ஒரு கைப்பிடிக் கம்பி. மூன்று சக்கர வண்டியில் உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டால் போதும். பட்டம் வண்டியையே இழுத்துக்கொண்டு ஓடும்.

ஆனால் ஒருவர் தள்ளி நின்று பட்டத்தைப் பிடித்து, சைகை கிடைத்ததும் விட வேண்டும். முதல் நாள் மதன்குமாரின் நண்பர் யூனுஸ்தான் பிடித்தார். பிடித்தார் என்பதைவிட, வீசி எறிந்தார் என்று சொல்வதுதான் சரி. பட்டம் தலைகீழாக வந்து அவர் முதுகிலேயே விழுந்தது.

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த எழில் முன்னால் வந்தாள். வயது பதினொன்று. அவள் அம்மா செவ்வந்தி, அப்புசாமியின் தறிக்கூடத்தில் வேலை செய்பவர்.

"நான் பிடிக்கட்டுங்களாண்ணா?"

"உன்னையும் தூக்கிட்டுப் போயிரும் கண்ணு!" என்று சிரித்தார் யூனுஸ்.

தூக்கவில்லை. எழில் காற்று வரும் பக்கத்தைப் பார்த்து நின்று, குழாயின் நடுவே இறுக்கிப் பிடித்தாள். சைகை வந்ததும் எறியவில்லை, கையை மட்டும் திறந்தாள். பட்டம் சத்தமில்லாமல் மேலே ஏறிப் போனது. அன்றிலிருந்து பட்டம் பிடிப்பது எழில்தான்.

ஞாயிற்றுக்கிழமை, வற்றிக் கிடந்த குளத்தில் பாதி ஊர் கூடிவிட்டது. அப்புசாமியே வெள்ளை வேட்டி படபடக்க வந்து நின்றார். கிழக்குக் கரையில் சின்னப் பிள்ளைகள் வரிசையாகக் கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். காற்று அவர்களை நோக்கித்தான் வீசியது.

மதன்குமார் வண்டியில் உட்கார்ந்தார். கூட்டத்தைப் பார்த்துக் கை ஆட்டினார். கம்பியை எடுத்துப் பிடித்தார். "விடு" என்று எழிலுக்குச் சைகை காட்டினார்.

எழில் விடவில்லை.

அவள் கண் சிவப்பு நூலின் மேல் போய்க்கொண்டிருந்தது. சிவப்பு எப்போதும் அவருடைய இடது கைக்குப் போக வேண்டும். இன்று அது பாதி வழியில் வெள்ளை நூலின் மேல் ஏறி, மறுபக்கம் போய், வலது கையில் முடிந்தது. அவசரத்தில் கம்பியைத் திருப்பிப் பிடித்துவிட்டார்! இனி அவர் இந்தப் பக்கம் இழுத்தால் பட்டம் அந்தப் பக்கம் பாயும். வண்டி நேராகக் கரைக்குப் போகும்.

"அண்ணா! நூலு மாறிருச்சுங்க!" என்று கத்தினாள். காற்றின் இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

மதன்குமார் மறுபடியும் கை காட்டினார்.

"உடு! உடு!" என்று கூட்டம் கத்தியது.

"பயந்துட்டா! பட்டத்தை என்கிட்டக் குடு அம்மணி!" என்று யூனுஸ் ஓடி வந்தார்.

எழில் அவரையும் பார்த்தாள், கரையில் இருந்த பிள்ளைகளையும் பார்த்தாள். சட்டென்று குழாய் காற்றைப் பார்க்கும்படி பட்டத்தைத் தரையில் கவிழ்த்தாள். அதன் மேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

கூட்டம் 'ஓ'வென்று சிரித்தது. அப்புசாமி சிரிக்கவில்லை. விறுவிறுவென்று வந்தார்.

"எந்திரி அம்மணி. இத்தனை பேரு காத்திருக்காங்க."

"நூலு மாறியிருக்குதுங்க மொதலாளி. எந்திரிக்க மாட்டேனுங்க."

"மதனு சீமையில படிச்சவன். அவனுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்? உங்கம்மாவைக் கூப்பிடட்டுமா?"

நாளைக்கும் அம்மா இவருடைய தறிக்கூடத்துக்குத்தான் போக வேண்டும்.

"கூப்பிடுங்க. அம்மா சொன்னாலும் எந்திரிக்க மாட்டேன்!"

கூப்பிடவே தேவையில்லாமல் போனது. செவ்வந்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"என்ன கண்ணு?"

"நூலு குறுக்க போயிருக்கும்மா. விட்டா வண்டி பிள்ளைங்க மேல போயிரும்."

செவ்வந்தி முதலாளியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மகளுக்குப் பக்கத்தில் பட்டத்தின் மேல் உட்கார்ந்தார்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

மதன்குமார் கம்பியை வைத்துவிட்டு, சிடுசிடுவென்று நடந்து வந்தார். "என்ன எழில், மானத்தை வாங்கறே?"

"ஒண்ணும் பேச வேண்டாமுங்கண்ணா. சிவப்பு நூலைப் பிடிச்சுக்கிட்டு வண்டி வரைக்கும் நடந்து பாருங்க."

நடந்தார். பாதி வழியில் நின்றார். சிவப்பு வெள்ளையைத் தாண்டும் இடத்தைப் பார்த்தார். அங்கிருந்தே திரும்பிக் கரையைப் பார்த்தார். ஒரு குட்டிப் பையன் அவரைப் பார்த்து உற்சாகமாகக் கை ஆட்டினான். மதன்குமாருக்கு முகம் வெளுத்துவிட்டது.

நூலைச் சரிசெய்தார். பிறகு நேராகக் கரைக்குப் போய், பிள்ளைகளை எல்லாம் மேற்குப் பக்கம் கொண்டுபோய் உட்காரவைத்தார். திரும்பி வந்து, எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்:

"தப்பு என் மேலதாங்க. எழில் சரின்னு சொன்னாத்தான் இனிப் பட்டம் மேல போகும்."

எழில் நூல்களை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒருமுறை கண்ணால் அளந்தாள். பட்டத்தை நிமிர்த்திப் பிடித்தாள். தலையை ஆட்டினாள். கையைத் திறந்தாள்.

பட்டம் மேலே ஏறியது. வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு குளத்தின் குறுக்கே பறந்தது. ஊரே கைதட்டியது. யூனுஸ் விசில் அடித்து அடித்துக் களைத்துப்போனார்.

வண்டி ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றதும், அப்புசாமி மெதுவாக எழிலின் பக்கத்தில் வந்தார். தொண்டையைச் செருமினார்.

"ஏனம்மணி, நானும் ஒரு வாட்டி பிடிச்சுப் பாக்கட்டுமா?"

எழில் அவரை மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

"பிடிக்கலாமுங்க மொதலாளி. வேட்டியை மடிச்சுக் கட்டுங்க. எறியக் கூடாது. நான் சொல்றப்பத்தான் விடணும்."

"சரிங்க அம்மணி" என்று சொல்லிவிட்டு, அப்புசாமி வேட்டியை மடித்துக் கட்டினார்.