இடிப்புக்குப் போன தெரு

எதிர்வீட்டு மருமகளை இடிப்பதற்காகக் காலையிலேயே தெரு திரண்டுவிட்டது.

செம்பள்ளத்தில் இது மாதம் தவறாமல் எங்காவது நடப்பதுதான். வயிற்றில் பிள்ளை தங்கி ஐந்தாம் மாதம் ஆனதும், அந்தப் பெண்ணைக் குறுகலான சந்துக்குள் நடக்க விடுவார்கள். உறவும் ஊரும் இரண்டு பக்கமும் நின்று தோளால் இடிக்க வேண்டும். முதல் இடி மாமியாருடையது. வலிக்கிற மாதிரி யாரும் இடிப்பதில்லை. சந்தைக் கூட்டத்தில் மேலே படுகிற மாதிரி, உரசி, நெருக்கி, கொஞ்சம் தள்ளி. எவ்வளவு நெருக்குகிறார்களோ அவ்வளவுக்குப் பிள்ளையின் சிறகு செழிக்கும் என்பது நம்பிக்கை. இடித்தவர்களுக்கு இலைபோட்டுச் சாப்பாடு உண்டு. யார் வரவில்லையோ அவர் வீட்டு இடிப்புக்கு இவர்களும் போக மாட்டார்கள்.

வடிவு வாசற்படியை விட்டு இறங்கவில்லை. பிள்ளை பெறாதவளுடைய தோள் கர்ப்பிணி மேல் படக்கூடாது என்று எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. ஆனாலும் யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அவளோடு கல்யாணமானவர்களில் ஒருத்தி இரண்டு இடிப்பு முடித்துவிட்டாள். மற்ற பலரும் வடிவு மாதிரிதான் நின்றார்கள், அவரவர் வாசலில்.

மாமியார் பேச்சியம்மாள் இடித்து, சாப்பிட்டு, ஏப்பம் விட்டுக்கொண்டு வந்தாள்.

"என்னட்டி தூணு மாதிரி நிக்க? கச்சைய இறுக்கிக் கெட்டு. இடது சிறகு வெளிய தெரியுது. பாக்கதுக்கு நல்லாவா இருக்கு?"

வடிவு உள்ளே போய்க் கச்சையை இறுக்கிக்கொண்டாள்.

செம்பள்ளத்துக் கதையைக் கொஞ்சம் சொல்லாவிட்டால் இது விளங்காது. அந்த உலகத்தில் காற்று கனம், உடம்பு லேசு. பூமியில் இரண்டு பேர் தூக்கும் மூட்டையை அங்கே ஒரு கிழவி இடுப்பில் வைத்துக்கொண்டு போவாள். ஆனால் மனிதன் குடியிருக்கத் தோதான இடம் பள்ளங்களில் மட்டும்தான். ஒரு பள்ளத்துக்கும் அடுத்த பள்ளத்துக்கும் நடுவே பொடிக்கடல். கால் வைத்தால் கால் புதையும், சக்கரம் வைத்தால் சக்கரம் புதையும். முன்னோர் வந்திறங்கிய விண்கப்பலைப் பிரித்து வீடு கட்டிவிட்டார்கள். அப்படியானால் பள்ளம் நிறைந்ததும் என்ன செய்வது?

முன்னோர் அதற்கு ஒரு வழி வைத்தார்கள். அவரைக்கொடியில் அப்பிக்கொண்டிருக்கும் அசுவினிப் பூச்சியிடமிருந்து எடுத்த வழி. தண்டில் இடம் தாராளமாக இருக்கும்வரை தாய்ப்பூச்சி சிறகில்லாத குட்டிகளைத்தான் போடும். சிறகு சும்மா வருவதில்லை. அதை அசைக்கத் தசை வேண்டும், தசைக்குத் தீனி வேண்டும், அந்தத் தீனி பிள்ளை பெறுவதற்கு உள்ளது. எனவே சிறகில்லாதது நிறையப் பெறும், சிறகுள்ளது குறைவாகப் பெறும். தண்டு நிறைந்து ஒன்றின்மேல் ஒன்று முட்டத் தொடங்கியதும் தாயின் உடம்புக்கு விஷயம் தெரிந்துவிடும். அப்போது போடும் குட்டிகளுக்குச் சிறகு இருக்கும். அவை பறந்துபோய் வேறு கொடியில் உட்காரும். உட்கார்ந்ததும் பறக்கும் தசை கரைந்து வயிற்றுக்கு உரமாகும். அங்கே மறுபடி சிறகில்லாத குட்டிகள்.

இந்த நெரிசல்மரபை முன்னோர் பெண்களின் ரத்தத்தில் சேர்த்தார்கள். கணக்கு சரியான கணக்குதான். மனிதர்களை மட்டும் அதில் சேர்க்க மறந்துவிட்டார்கள்.

பள்ளம் நிறைந்தது, சிறகுள்ள பிள்ளைகள் பிறந்தார்கள். பெற்றவர்களுக்குப் பெருமை தாங்கவில்லை. சிறகு என்பது பெரிய இடத்துப் பிள்ளைக்கு அடையாளம் ஆனது. இல்லாதவர்கள் இடிப்பு நடத்தி வரவழைத்தார்கள். சரி, சிறகு வந்த பிறகு பறக்க விட்டார்களா? வயசுக்கு வந்ததும் கச்சை போட்டுக் கட்டினார்கள். பெண் தேடுகிறவர்கள் வெட்கமில்லாமல் சொன்னார்கள்: "சிறகுள்ள பெண்ணாக வேண்டும், பறந்து பழக்கம் இருக்கக் கூடாது." இரண்டு தலைமுறையாக ஒருத்தரும் பொடிக்கடலைத் தாண்டவில்லை. சோறு போடும் பாசிவயல் எல்லாருக்கும் போதவில்லை. தெருவில் தோளோடு தோள் படாமல் நடக்க முடியவில்லை. அப்படியும் இடிப்பு நிற்கவில்லை.

வடிவை மாமியார் கூட்டிப்போகாத கோயில் இல்லை, கொடுக்காத கஷாயம் இல்லை. கடைசியில் மருத்துவப்பொறியிடம் கூட்டிப்போனாள். முன்னோர் காலத்து இயந்திரம் அது. ஊரில் அதற்குத் தகரத்தார் என்று பெயர். முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்லிவிடும் என்பதால் அதனிடம் யாரும் வேண்டி விரும்பிப் போவதில்லை. வடிவின் கணவன் ஆவுடையப்பனும் கூட வந்தான்.

தகரத்தார் வடிவின் தோளையும் வயிற்றையும் தொட்டுப் பார்த்தார்.

"உங்கள் கருப்பை நன்றாக இருக்கிறது. காத்துக்கொண்டிருக்கிறது."

"எதுக்குக் காத்திருக்கு?" என்றாள் பேச்சியம்மாள்.

"பறப்பதற்கு. சிறகுள்ள உடம்பு, முதலில் பறக்கும், இறங்கும், தசையைக் கரைக்கும், அப்புறம்தான் கருவைத் தாங்கும். சிறகைக் கட்டி வைத்திருப்பதால் இன்னும் கிளம்பவில்லை என்று உடம்பு நினைக்கிறது. அபூர்வமாகச் சிலருக்குக் கட்டியபடியே கரு நிற்கும். எல்லாருக்கும் நிற்காது. இந்த ஊரில் பிறப்பு குறைவது ஏன் என்று நான் பல முறை சொல்லியிருக்கிறேன்."

"பொம்பளப் பிள்ளைய ஆகாசத்துல பறக்கச் சொல்லுதீரா? நல்ல வைத்தியம்."

"ஆணும் பறக்க வேண்டும். இருவரும் அடுத்த பள்ளத்துக்குப் போக வேண்டும். போனால் திரும்ப முடியாது."

ஆவுடையப்பன் மெதுவாகச் சொன்னான்: "எனக்கு ஏணில ஏறினாலே தல சுத்தும்."

பேச்சியம்மாள் மகனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "போனா கட்டாயம் பொறக்குமா?"

"கட்டாயம் என்று சொல்ல மாட்டேன். பாதி வழியில் தோள் தளர்ந்தால் பொடிக்கடலில் விழுவார்கள். இங்கேயே இருந்தால் பிறக்காது என்பதுதான் ஏறக்குறையக் கட்டாயம்."

பேச்சியம்மாள் வேகமாக முன்னால் நடந்து வீடு சேர்ந்தாள். அவளுக்குச் சிறகு கிடையாது. ஊர் ஓரத்தில் இடம் தாராளமாக இருந்த வீட்டில் பிறந்தவள். வரிசையாகப் பெற்றாள், கடைசிப் பிள்ளை ஆவுடையப்பனுக்கு மட்டும்தான் சிறகு. அந்த ஒரு சிறகை வைத்துத்தான் அவள் இந்தத் தெருவில் தலைநிமிர்ந்தாள், சிறகுள்ள மருமகளைக் கொண்டுவந்தாள். இப்போது அந்தச் சிறகுதான் பேரப்பிள்ளைக்குக் குறுக்கே நிற்கிறது.

வடிவு அடுக்களையில் நின்று கேட்டாள். "அத்தே, நான் போவட்டுமா?"

"தெருவுல என்ன சொல்லுவாவ?"

"இப்ப மட்டும் என்ன சொல்லுதாவ?"

 பேச்சியம்மாள் எழுந்துவந்து மருமகளின் முதுகுப்பக்கம் நின்று கச்சை முடிச்சை அவிழ்த்தாள். இறுகிப்போன முடிச்சு. பல்லால் கடித்து இழுக்க வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து பாசிக்கிடங்கின் கதவைச் சாத்திக்கொண்டு வடிவும் ஆவுடையப்பனும் சிறகடித்துப் பழகினார்கள். தூசி பறந்தது. ஆவுடையப்பன் கூரையில் முட்டிக்கொண்டு இறங்கினான். தெருவில் கேட்டவர்களுக்குப் பேச்சியம்மாள் பதில் வைத்திருந்தாள்.

"சிறகுல சொறி. காத்தாட விடச் சொல்லிருக்காரு தகரத்தாரு."

"ரெண்டு பேருக்குமா?"

"புருசன் பொண்டாட்டின்னா ஒருத்தர் சொறி இன்னொருத்தருக்கு ஒட்டாதா? உனக்கெல்லாம் ஒட்டலியோ?"

ஒரு காலையில், வெயில் ஏறிக் காற்று மேலே எழும் நேரம் பார்த்து, இருவரும் பள்ளத்து விளிம்பிலிருந்து குதித்தார்கள். வடிவு முன்னால் போனாள். ஆவுடையப்பன் கண்ணை மூடிக்கொண்டு, அவள் சிறகுச் சத்தத்தைக் கேட்டே பின்னால் பறந்தான். கீழே பொடிக்கடல் சாம்பல் நிறத்தில் முடிவில்லாமல் கிடந்தது. நடுவழியில் அவன் தாழத் தொடங்கினான்.

"என்னால முடியலட்டி. நீ போ."

"நீங்க இல்லாம நான் போயி என்ன பிள்ள பெறுவேன்? அடிங்க. கண்ணத் தொறந்து அடிங்க."

அவன் கண்ணைத் திறந்தான். கீழே பார்த்த பயத்திலேயே மேலே ஏறிவிட்டான். தைரியத்தால் நடக்காத காரியம் சில சமயம் பயத்தால் நடக்கும்.

அடுத்த பள்ளம் பச்சையாகக் கிடந்தது. முன்னோர் கப்பலிலிருந்தே இயந்திரங்களை இறக்கி விதைத்துவிட்ட பாசி, ஆள் இல்லாமல் இடுப்புயரம் வளர்ந்திருந்தது. ஊற்று ஓடியது. அந்த இயந்திரங்கள் வைத்துவிட்டுப்போன வானொலிப் பெட்டியும் ஒரு பாறைமேல் இருந்தது. இறங்கிய சில நாளில் இருவருக்கும் தோள் சூம்பியது, சிறகு வாடிய இலை மாதிரி தொங்கியது. தகரத்தார் சொன்னபடி. அவர் சொன்ன மற்றதும் நடந்தது. மாதங்கள் போன பிறகு ஒரு நாள் வடிவு வானொலியில் தகரத்தாரைப் பிடித்து மாமியாரைக் கூப்பிட்டாள்.

"அத்தே, ரெண்டு மாசமாத் தலக்கி ஊத்தல."

 அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது.

"ஒடம்பப் பாத்துக்க. பாரம் தூக்காத."

"இங்க பாரம் ஏது அத்தே. ஆளும் இல்ல, கூட்டமும் இல்ல. பிள்ளை சிறகில்லாமத்தான் பொறக்கும்."

"என்னது?" என்றாள் பேச்சியம்மாள். "சிறகில்லாமயா? நான் இடிக்காம எம் பேரப்பிள்ள பொறந்துருமா?"

அவள் அப்படியே தெருவில் இறங்கினாள். இதுவரை மறைத்ததை எல்லாம் போட்டு உடைத்தாள். என் மருமகள் பறந்தாள், உண்டாகியிருக்கிறாள், ஐந்தாம் மாதம் இடிப்பு, எல்லாரும் வந்துவிட வேண்டும்.  தெருவுக்குப் பெரியவர் உலகநாதன் முதலில் முறைத்தார். பேச்சியம்மாள் அவரிடம் நேராகக் கேட்டாள்.

"உங்க வீட்டு மூணு இடிப்புக்கும் நான் தோள் குடுத்தேனா இல்லியா அண்ணாச்சி?"

"குடுத்தே."

"அப்ப நீங்க வருவீயளா மாட்டீயளா?"

உலகநாதன் நெடுநேரம் யோசித்தார். வராமல் இருப்பது மரியாதை இல்லை. பறப்பதும் மரியாதை இல்லை. கடைசியில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தீர்ப்பு சொன்னார்.

"விசேஷத்துக்குப் போறது பறக்குறதுல சேராது."

அவ்வளவுதான். இரண்டு தலைமுறையாகப் பூட்டிக்கிடந்த கச்சைகள் ஒரே வாரத்தில் அவிழ்ந்தன. முன்னோரின் கட்டளைக்கும் இயந்திரத்தின் புள்ளிவிவரத்துக்கும் அசையாத தெரு, வாங்கியதைத் திருப்பிச் செய்யும் செய்முறைக்கு அசைந்தது. பாசிக்கிடங்கில் இடம் போதாமல் மொட்டைமாடிகளில் பழகினார்கள். தகரத்தார் வீதிக்கே வந்து எச்சரித்தார்.

"இறங்கினால் தசை கரைந்துவிடும். திரும்பி வர முடியாது."

"ஒருநாள் விசேஷம். சாப்பிட்டு மறுநாளு கெளம்பிருவோம்," என்றார் உலகநாதன். "தகரம் அப்பிடித்தான் சொல்லும்."

தெரு பறந்தது. சமையல் பாத்திரங்களோடு, மாற்றுத்துணியோடு. சிறகில்லாதவர்கள் வலைகளில் தொங்கினார்கள். முதல் வலையில் பேச்சியம்மாள். சுமந்த நால்வரையும் வழிநெடுகத் திட்டிக்கொண்டே வந்தாள்.

"நேராப் போங்கலே. இது என்ன, தொட்டில் ஆட்டுதியளா?"

இடிப்பு அமோகமாக நடந்தது. அகன்று கிடந்த வெளியில் சந்து இல்லை என்பதால், பாத்திரங்களை இரண்டு வரிசையாக அடுக்கிச் சந்து ஒன்று உண்டாக்கினார்கள். பேச்சியம்மாள் முதல் இடி கொடுத்துவிட்டு, தோளை எடுக்காமல் அப்படியே மருமகள் மேல் சாய்ந்து நின்றாள். பிறகு, இதுவரை யாரும் கூப்பிடாத பெண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"வாங்கட்டி, நீங்களும் வந்து இடிங்க. பிள்ளை பெத்தவதான் தோள் வச்சிருக்காளா?"

சாப்பிட்டார்கள். நன்றாகத் தூங்கினார்கள். மறுநாள் ஒருவர் பாத்திரம் காணோம் என்று தேடியதில் பயணம் தள்ளிப்போனது. அதற்கு அடுத்த நாள் ஊர்ப்பேச்சு. அதற்குள் தோள்கள் சூம்பிவிட்டன. உலகநாதன் விளிம்பில் ஏறி நின்று சிறகை விரித்தார். அது நனைந்த துண்டு மாதிரித் தொங்கியது. வானொலியில் தகரத்தார் ஒரே வார்த்தைதான் சொன்னார்.

"சொன்னேன்."

திட்டித் தீர்த்த பிறகு குடியேறினார்கள். வேறு என்ன செய்வது? ஊற்றுத் தண்ணீர் இனித்தது, பாசி வயிறு நிறையக் கிடைத்தது. வாசலில் நின்ற பெண்கள் ஒவ்வொருத்தியாகத் தலைசுற்றல், வாந்தி என்று படுத்தார்கள். அங்கே செம்பள்ளத்தில் மிச்சமிருந்தவர்கள் முதல்முறையாகக் கைவீசி நடந்தார்கள். முன்னோர் போட்ட கணக்கு, யாரும் அதை மதிக்காமலே நிறைவேறியது.

வீடு கட்டும்போதுதான் ஒன்று நடந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் நிலம். ஆளுக்கொரு வயல் நடுவே வீடு கட்டலாம். அவர்கள் இறங்கிய இடத்திலேயே சுவரோடு சுவர் ஒட்டி, ஒரே சந்தாகக் கட்டினார்கள். செம்பள்ளத்துச் சந்தைவிடக் குறுகல். தள்ளிக் கட்டக் கூடாதா என்று ஆவுடையப்பன் கேட்டான்.

"தள்ளிக் கட்டினா அடுத்த வீட்டுல என்ன நடக்குன்னு எப்பிடித் தெரியும்?" என்றார் உலகநாதன்.

வடிவு நிறைவயிற்றோடு அந்தச் சந்தில் தண்ணீருக்குப் போனாள், வந்தாள். எல்லார் தோளும் பட்டது.

பெண் பிறந்தது. முதுகில் ஈரமான இரண்டு மொட்டுகள். பேச்சியம்மாள் விரலால் தடவிப் பார்த்துக் கண்கலங்கினாள்.

"பாத்தியா? அத்தன பேரு வந்து இடிச்சது வீண் போவல." பிறகு சுற்றுமுற்றும் தேடினாள். "உன் கச்சைய எங்கட்டி?"

வடிவு உத்தரத்தைக் காட்டினாள். கச்சைதான் தூளியாகத் தொங்கியது. அதற்குள் குழந்தை கையைக் காலை உதைத்துக்கொண்டிருந்தது.

"இவ பறக்கட்டும் அத்தே. இவளுக்குக் கச்சை வேண்டாம்."

பேச்சியம்மாள் தூளியை ஒரு தள்ளுத் தள்ளினாள். இலேசான அந்த உலகத்தில் அது கூரைவரை போய்வந்தது. குழந்தை அழாமல் கண்ணை விழித்தது.

"பறக்கட்டுமே. யாரு வேண்டாம்னா?" என்றாள். "கல்யாணம் முடியட்டும். அப்புறம் எங்க வேணும்னாலும் பறக்கட்டும்."